1964 ஒக்டோபர் 30இல் தாத்தா எந்தத் தோட்டம்?

அமெரிக்காவில் குடியுரிமை நேர்காணலுக்குப் போகிறவர் அந்நாட்டு வரலாறும் ஆட்சிமுறையும் பற்றிய 128 கேள்விகளைப் படித்து வைத்திருக்க வேண்டும். அதிகாரி 20 கேட்பார். 12 சரியானால் தேறிவிடலாம். 2025 ஒக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு இதுதான் கணக்கு. பிரித்தானியாவில் 24 கேள்வியில் 18, கனடாவில் 20இல் 15. ஹட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் போன பிள்ளைகள் இதற்கு வழி கேட்டால் நான் சொல்வது கொஞ்சந்தான்: அந்தந்த அரசு வெளியிட்ட நூலை மட்டும் படியுங்கள், விடையை மனனம் செய்வதோடு நிற்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

இந்தப் பத்தி இங்கேயே இருக்கிறவர்களுக்கு. எழுபது வயதாகியும் அடையாள அட்டை இல்லாத பாட்டிமார், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து பிள்ளைகுட்டியோடு திரும்பியவர்கள், வீட்டுக் காணி உறுதிக்கோ கடவுச்சீட்டுக்கோ போன இடத்தில் "உங்கள் பிரஜாவுரிமைக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கப்பட்டவர்கள் என இன்னும் பலர் இருக்கிறார்கள். இவர்களிடம் எந்த அதிகாரியும் ஜனாதிபதியின் பெயரையோ பாராளுமன்ற ஆசனங்களின் எண்ணிக்கையையோ கேட்பதில்லை. அப்பா எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த வருஷம் பெயர் பதிந்தார், அம்மா எங்கே பிறந்தார், பெரியப்பா இந்தியாவுக்குப் போனாரா, நீங்கள் ஏன் போகவில்லை? மலையகத்தில் பிரஜாவுரிமைப் பரீட்சையின் பாடம் சொந்தக் குடும்ப வரலாறு. அதற்குப் பாடநூல் கிடையாது. நீங்களேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலில் சட்டத்தில் உங்கள் இடம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். இது தெரியாமல் போகிறவர் கெஞ்சுகிறார், தெரிந்து போகிறவர் கேட்கிறார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், ஏற்கெனவே இங்கே பிறந்திருந்தவர்களிடம் தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கோ, தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கோ ஆதாரம் கேட்டது. லயத்தில் பிறந்த பலருக்குத் தம்முடைய பிறப்புப் பத்திரமே இல்லை. பூட்டனுடையதற்கு எங்கே போவது? அடுத்த ஆண்டு வந்த 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பித்துப் பதிவுப் பிரஜையாக ஒரு வழி திறந்தது. திருமணமானவர்கள் 7 ஆண்டும் மற்றவர்கள் 10 ஆண்டும் 1946 ஜனவரி 1க்கு முன் இடைவிடாமல் இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். 1951 ஓகஸ்ட் 5 கடைசி நாள். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரை பிரஜைகளானோர் ஏறத்தாழ 134,000 பேர். 1947 பொதுத்தேர்தலில் நுவரெலியாவில் தொண்டமானையும் தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையையும் தெரிவுசெய்து அனுப்பிய மக்கள் 1952இல் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை.

அதன் பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவானது. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இந்தத் தேதியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்று உதவக்கூடிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இதன்மேல்தான் நிற்கிறது. இந்திய வம்சாவளியினர் ஒருவர் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வந்தால், அல்லது அப்படிப்பட்டவரின் வழித்தோன்றலாக இங்கே வசித்தால், அவர் இலங்கைப் பிரஜை. 1948 சட்டத்தைப் போல இது தகப்பன் வழியைப் பிடித்துத் தொங்கவில்லை. வழித்தோன்றல் என்றுதான் சொல்கிறது. அப்பா வழியில் ஒரு கடதாசியும் அகப்படாதவர்கள் அம்மாவின் தகப்பனைத் தேடிப் போகலாம். இதை மறந்துவிட்டு அப்பாவின் தோட்டத்துக்கே மாதக்கணக்கில் நடக்கிறவர்கள் பலர்.

இன்னொன்றும் உண்டு. வேறெந்த நாட்டுப் பிரஜையாகவும் இல்லாதவருக்கு அந்தச் சட்டமே பிரஜாவுரிமையைக் கொடுத்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் இனிமேல் மனம்வைத்துத் தரப்போகிற சலுகை அல்ல அது. அவர் உறுதிப்படுத்துகிறார், அவ்வளவே. 2003 கடைசியில் நடமாடும் முகாம்கள் போட்டு, பத்தே நாளில் ஏறத்தாழ 190,000 பேருக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கொடுக்க முடிந்ததற்கு இந்த எளிமைதான் காரணம். அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள், கொழும்பில் வீட்டுவேலைக்கு நின்றவர்கள், "நமக்கெதற்கு" என்று வராமல் இருந்தவர்கள்தான் இன்று தனித்தனியாக அலைகிறார்கள்.

இனித் தயாரிப்பு. ஒரு அப்பியாசக் கொப்பி எடுங்கள். இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் யார், எங்கே, என்ன வேலை. வீட்டில் மூத்தவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது, தோட்டத்து ஞாபகம் தேதியில் ஓடுவதில்லை. சம்பவத்தைப் பிடித்துக் கேளுங்கள். "ஆத்தா, மஸ்கெலியா பழைய டவுனு தண்ணிக்குள்ள போனப்ப நீங்க எந்தத் தோட்டத்துல இருந்தீங்க?" என்றால் உடனே பதில் வரும். மவுஸ்ஸாக்கலை அணை கட்டியது 1960களில். ஏழு கன்னிமலையில் ஹஜ் யாத்திரிகர் வந்த விமானம் மோதியது 1974 டிசம்பர் 4. நோர்வூட், நோட்டன் பக்கத்து முதியவர்கள் அன்றைக்கு யார் கைக்குழந்தை, யார் பேறுகாலம் என்பதுவரை சொல்வார்கள். பாணுக்கும் மாவுக்கும் அலைந்த பஞ்சம் 1973, 74. வெள்ளைக்காரக் கம்பெனிகளிடமிருந்து தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது 1975. அதற்குப் பின் 1977 கலவரம், 1983 கலவரம். தோட்டங்கள் மறுபடி கம்பெனிகளின் கைக்குப் போனது 1992. இந்த ஆறேழு முளைகளை அடித்துவிட்டால் மற்ற ஆண்டுகளைக் கட்டிவிடலாம். உங்களுக்கு முக்கியமானது 1964க்கு முன்னால் ஒரு முளை. பிறப்பு, கலியாணம், பெயர் பதிவு, பள்ளிக்கூடச் சேர்வு, எதுவானாலும் சரி.

ஆண்டு தெரியாத இடத்தில் ஊகித்து எழுதாதீர்கள். "1962க்கும் 1964க்கும் இடையில்" என்று எழுதினால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. "1963 மார்ச் 12" என்று அடித்துவிட்டுப் பின்னால் பாடசாலை இடாப்பில் வேறு தேதி வந்தால், உண்மையான மற்ற விஷயங்களும் சேர்ந்து சந்தேகத்துக்குள் போய்விடும். விசாரணைகளில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது அறியாமை அல்ல, அளவுக்கு மிஞ்சிய துல்லியம்.

ஆதாரத்தை எங்கே தேடுவது? தோட்ட ஒபிசில் பழைய செக்ரோல் இருந்தால் அதைவிட வலுவானது இல்லை. ஆனால் தோட்டம் கம்பெனி, அரசு, மறுபடி கம்பெனி என்று கைமாறியபோது பல இடங்களில் புத்தகங்கள் கரையானுக்கும் குப்பைக்கும் போயின. துரையைப் பார்க்கப் போகுமுன் பெரிய கிளாக்கரைப் பாருங்கள். எந்த அலுமாரியில் எந்த ஆண்டு கிடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். செக்ரோல் இல்லையென்றால் ஈ.பி.எஃப். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. எனவே 1964க்கு முன்னரே அங்கத்தவராகப் பதியப்பட்ட தாத்தாவின் பழைய அட்டையோ இலக்கமோ கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்பும் விடுகைப் பத்திரமும் அடுத்த இடம். அம்மாவின் பள்ளிக்கூடப் பதிவில் தகப்பன் பெயரும் தோட்டத்துப் பெயரும் இருக்கும். அதைத் தேட வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. கோயில், சேர்ச் திருமணப் பதிவுகள், தோட்ட ஆஸ்பத்திரிப் பிள்ளைப்பேற்றுப் புத்தகம் எல்லாம் துணைச்சான்று. வாக்காளர் இடாப்பைப் பெரிதாக நம்பாதீர்கள். வாக்குரிமை பறிபோன காலத்தில் நம் பெயர்கள் அதில் எப்படி இருக்கும்?

பிறப்புப் பதிவே இல்லாதவர், பதிவாளரிடம் தேடுதல் விண்ணப்பம் கொடுத்து, பதிவு இல்லை என்பதையே எழுத்தில் பெற வேண்டும். அதை வைத்துத்தான் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ போகலாம். "இல்லை" என்ற கடதாசியும் ஒரு கடதாசிதான்.

பெயர்தான் பெரும் தலைவலி. கிளாக்கரின் காதில் விழுந்ததுதான் புத்தகத்தில் ஏறியது. பிறப்புப் பத்திரத்தில் ராமாயி, செக்ரோலில் ராமாய், கலியாணப் பதிவில் ராமம்மாள், அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு சேர்ந்து இன்னொன்று. இவை நாலும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள், அதிகாரி கேட்பதற்கு முன்பே. அதில் ஒவ்வொரு பத்திரத்திலும் எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே வரவேண்டும். அழகாக இருக்கட்டும் என்று திருத்தி எழுதிவிட்டால் அந்தக் கடதாசியால் பயனில்லை. தோட்டத்தின் பெயரும் அப்படியே. ஆங்கிலப் பெயர் ஒன்று, நாம் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று, டிவிஷன் பெயர் வேறு. மூன்றையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பப் படிவத்தில் இனம் என்ற இடத்தையும் பிரஜாவுரிமை என்ற இடத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிறப்புப் பத்திரத்தில் "இந்தியத் தமிழர்" என்று இருப்பது இனத்துக்கான விவரம். அதைப் பார்த்துவிட்டு, எந்த நாட்டுப் பிரஜை என்ற கேள்விக்கு "இந்தியர்" என்று வாயால் சொல்லிவிடுகிற முதியவர்கள் உண்டு. வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள்: "நான் இலங்கைப் பிரஜை, சேர்."

பெட்டியின் அடியில் இந்தியக் கடவுச்சீட்டு கிடக்கிற குடும்பங்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். ஒப்பந்தக் காலத்தில் இந்தியாவுக்கு விண்ணப்பித்து, கண்டியில் பாஸ்போர்ட்டும் வாங்கி, 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனதால் லயத்திலேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். பயத்தில் அதை அடுப்பில் போட்டவர்களும் உண்டு. போடாதீர்கள், மறைக்கவும் வேண்டாம். இப்படிப்பட்டவர்கள் இந்தியப் பிரஜாவுரிமையைத் தாமாக விட்டுவிட விரும்புவதாகப் பிரகடனம் செய்து இலங்கைப் பிரஜையாக 2003 சட்டத்திலேயே வழி உண்டு. நீங்கள் ஏன் போகவில்லை என்று அதிகாரி கேட்டால் அது குற்றச்சாட்டு அல்ல. "கப்பல் நின்னுபோச்சு" என்ற உண்மையே போதும். தேசபக்திப் பிரசங்கம் தேவையில்லை.

யுத்த காலத்தில் தமிழ்நாட்டுக்குப் போய் முகாமில் இருந்து திரும்பியவர்களுக்காக 2009இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. இடையில் நாட்டை விட்டுப் போனதால் உரிமை போய்விட்டது என்று யாராவது சொன்னால் அந்தத் திருத்தத்தைச் சுட்டிக்காட்டுங்கள். அங்கே பிறந்த பிள்ளைகளின் கதை வேறு. இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாகப் பதிந்து, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின் கீழ் பிரஜாவுரிமைப் பதிவுப் பத்திரம் எடுக்க வேண்டும். தாய் இலங்கைப் பிரஜையாக இருந்தாலும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று 2003இன் 16ஆம் இலக்கத் திருத்தம் ஆக்கியது. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை கேட்கும்போதுதான் பெற்றோர் விழித்துக்கொள்கிறார்கள். அட்டைக்கு வயது 15. அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

அலுவலகத்தில் தமிழில் பேசவும் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் இடம் தருகிறது. புரியாத மொழியில் நிரப்பிய படிவத்தில் ஒப்பமிடாதீர்கள். ஒருவரைக் கொண்டு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 26ஆம் உறுப்புரையையும் தெரிந்துவைத்திருங்கள்: வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்று எந்தத் தேவைக்கும் பாகுபாடு காட்டக்கூடாது. "நீங்கள் பதிவுப் பிரஜைதானே" என்று ஒரு மாதிரியாக யாராவது இழுத்தால் இந்த எண்ணைச் சொன்னால் போதும், குரலை உயர்த்தத் தேவையில்லை.

அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்டத்தில் துரை உறுதிப்படுத்தலாம், வெளியே கிராம உத்தியோகத்தர். யாராவது மறுத்தால் மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தால், 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அந்த அரச அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் கொடுத்த அன்றே அது கிடைத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். "அடுத்த கிழமை வாங்க" என்றால் தேதியை உங்கள் கொப்பியிலேயே குறித்துத் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். மூலப் பத்திரத்தைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். போட்டோப் பிரதி மூன்று எடுத்து, ஒரு பிரதியை வேறு தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். லயத்தில் தீப்பிடித்தால் ஒரு வரிசையே போய்விடும்.