விலாவுக்குக் கீழே ஒரு தழும்பு

சிதம்பரம்

அன்புள்ள கயல்,

கடலூரிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. இரண்டு பிள்ளை பெற்றபின் தளர்ந்துபோன வயிற்றுக்கு ‘டம்மி டக்’ செய்துகொள்ளலாமா, பழைய தழும்புகள் குறுக்கே நிற்குமா என்று கேட்டிருக்கிறாய். ஆசைப்பட்டதற்கு நீ யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தழும்பைப் பற்றி மட்டும் அத்தை சொல்வதைக் கேள்.

உன் கவலையெல்லாம் சிசேரியன் தழும்பின்மேல் இருக்கிறது. அடிவயிற்றில் குறுக்கே ஓடும் அது, வெட்டி எடுக்கிற தோலோடு பெரும்பாலும் சேர்ந்தே போய்விடும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். அந்தத் தழும்பைப் பார்க்காத மருத்துவரே இங்கே இருக்க மாட்டார்.

என்னைப் பயமுறுத்துவது, நீ ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன பித்தப்பைத் தழும்பு. வலது விலாவுக்குக் கீழே சாய்வாக ஓடுகிறதே, அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். டம்மி டக் ஆபரேஷனில் இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கீறி, தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து மேலே விலா வரை பிரிப்பார்கள். பிறகு கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டித் தைப்பார்கள். அப்படிப் பிரிக்கும்போது அடியிலிருந்து தோலுக்கு வரும் ரத்தக் குழாய்கள் அறுபடும். மிஞ்சுவது பக்கவாட்டில் விலா, இடுப்போரம் வழியாக வரும் ரத்தம்தான். ஹியூகர் என்ற மருத்துவர் 1979-இலேயே வயிற்றுத் தோலின் ரத்த ஓட்டத்தை மூன்று மண்டலங்களாகப் பிரித்து இதை விளக்கிவிட்டார். உன் பித்தப்பை ஆபரேஷன் அந்தப் பக்கவாட்டு வழியை வலப்புறம் ஏற்கெனவே அறுத்திருக்கிறது. தலைமடையில் வாய்க்கால் அடைபட்டால் வீராணத்துக் கடைமடை வயல் காய்வதுபோல, தழும்புக்குக் கீழே உள்ள தோல் கறுத்து அழுகிப்போக இடமுண்டு. தழும்பு மெலிந்து மங்கியிருப்பதை வைத்து நிம்மதி அடையாதே. அது எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு.

இதனால் செய்யவே கூடாது என்றில்லை. தோலைக் குறைவாகப் பிரிப்பது, தொப்புளுக்குக் கீழே மட்டும் செய்வது என்று அனுபவமுள்ள பிளாஸ்டிக் சர்ஜன் திட்டத்தை மாற்றுவார். சில சமயம் வேண்டாம் என்பார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரையே நான் நம்புவேன்.

இன்னொன்று, தழும்பு உள்ள இடத்தில் ஹெர்னியா ஒளிந்திருக்கலாம். அது தெரியாமல் கொழுப்பை உறிஞ்சும் குழாயை உள்ளே விட்டால் குடல் கிழியக்கூடும். ஸ்கேன் எடுக்காமல் தேதி குறிக்காதே. சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் போய் உயிரிழந்தார். அரசு அந்த மருத்துவமனையின் உரிமத்தையே நிறுத்திவைத்தது. அது வேறு வகை ஆபரேஷன்தான். ஆனாலும் ஐசியூ இருக்கிறதா, மயக்க மருந்து நிபுணர் இருக்கிறாரா என்று கேட்க நீ கூச்சப்படக் கூடாது.

உன் பித்தப்பை ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடு. அண்ணாமலை நகரில் செய்ததென்றால் அதில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்றிருக்கும்; இப்போது அது அரசுக் கல்லூரி. ரெக்கார்டு கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று மருத்துவ நெறிமுறை விதி சொல்கிறது. ஆனால் மூன்று ஆண்டுதான் பாதுகாக்கக் கட்டாயம் என்பதால், முதலில் அம்மாவின் பீரோவில் பார்.

அந்தக் காகிதமும் ஸ்கேனும் கையில் இல்லாமல் எந்த மருத்துவரிடமும் முன்பணம் கட்டாதே, கண்ணு.

அன்புடன்,
அத்தை