சாவி உன் கையில் இருக்கிறது

கண்ணு,

நேற்று உன் அப்பா வந்து சொல்லிவிட்டுப் போனான். வளரிளம் பிள்ளைகளைத் தங்கவைத்து மனநோய்க்கும் போதைக்கும் வைத்தியம் பார்க்கும் இடத்தில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். ஒன்றாம் தேதி சேருகிறாயாம். இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை. 34 வருஷம் அந்த மாதிரி வார்டுகளில் நடந்த கால் இது. நெய்வேலியை விட்டு ஊர் ஊராகப் போய் நர்ஸ் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் சில வருஷம் ஒரு விடுதிக்கு உதவிக்குப் போய், இப்போது நெய்வேலிக்குப் பக்கத்தில் இந்திரா நகரில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரையின் பெயரும் அளவும் உனக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் செய்த தப்புகளை வேறு யாரும் உனக்குச் சொல்லித் தர முடியாது. எண் போட்டிருப்பது நினைவுக்கு வந்த வரிசையில்தான்.

1. முதல் நாளே உன் கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுப்பார்கள். அதை இடுப்பில் செருகிக்கொண்டு சலசலவென்று நடக்காதே. நான் அப்படித்தான் நடந்தேன். ஒருநாள் பதின்மூன்று வயசுப் பெண் ஒருத்தி தலை வாரிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "சிஸ்டர், உங்க சாவிச் சத்தம் கேட்டாலே எனக்கு வயித்தைக் கலக்குது." அன்றைக்கே சாவியைக் கைக்குட்டையில் சுற்றி முடிந்துகொண்டேன். சாவி கையில் இருப்பவருக்குத் தெரியாமலே நெஞ்சில் ஓர் அதிகாரம் முளைக்கும், கண்ணு. அதைத் தினமும் கிள்ளிப் போடவேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு இரவு டூட்டியிலும் வார்டை ஒருமுறை சுற்றிவருவேன். நெருப்பு வந்தால் எந்தக் கதவு வழியாக வெளியேறுவது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசிக் கட்டிலில் தூங்குகிற பிள்ளையை யார் தூக்குவது என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவேன். சங்கிலியை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்துவிட்டது. ஆனாலும் நீ ராத்திரி அந்தச் சுற்றை விடாதே.

2. பொய் சொல்லி அழைத்து வரப்பட்ட பிள்ளை வந்தால், அந்தப் பொய்யில் நீ பங்கு வாங்காதே. ஒரு பையனைத் திருப்பதிக்குப் போகிறோம் என்று சொல்லி வேனில் ஏற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார்கள். புதுச் சட்டை போட்டிருந்தான். மஞ்சள் துணியில் முடிந்த உண்டியல் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "கோயில் எந்தப் பக்கம் சிஸ்டர்?" என்று கேட்டான். அவனுடைய அப்பா எனக்குக் கண்ணைக் காட்டினார். நானும், "முதல்ல சாப்பிடு, அப்புறம் போகலாம்" என்றேன். பதினொரு நாள் என் கையால் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கவில்லை அவன். மருந்தைச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதையும் செய்திருந்தால் அவன் சோற்றையும் விட்டிருப்பான். வந்த நிமிஷமே உட்காரவைத்துச் சொல்லிவிடு: இது ஆஸ்பத்திரி, இன்ன காரணத்துக்காக வந்திருக்கிறாய், இத்தனை நாள் ஆகலாம். அழுவான், கத்துவான். அழட்டும். உண்மையைக் கேட்டு அழுகிற பிள்ளை கொஞ்ச நாளில் உன்னிடமே வந்து பேசும்.

3. எல்லாப் பிள்ளையையும் உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. மார்க் குறைந்தது, செல்போனைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறான் என்று பெட்டி படுக்கையோடு வந்து நிற்கும் பெற்றோர் இருக்கிறார்கள். வெளியிலேயே பார்க்கக்கூடிய வழிகள் பலிக்காதபோதுதான் 18 வயதுக்குக் கீழே உள்ளவரைச் சேர்க்கலாம் என்கிறது அந்த 2017 சட்டம். அதற்கும் மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லவேண்டும். சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்கவேண்டும். பெரியவர்களோடு ஒரே வார்டில் போடக் கூடாது. வந்துபோனாலே போதும் என்கிற பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூச்சப்படாதே. போகும்போது 14416 என்ற மனநல உதவி எண்ணை எழுதிக் கொடு. நம் மாநிலத்தில் அதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.

4. உன் தாத்தா நெய்வேலி முதல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1957இல் நேரு வந்து வெட்டுவேலையைத் தொடங்கிவைத்தார், ஆனால் கரி கண்ணில் பட்டது 1961இல்தான் என்று அடிக்கடி சொல்வார். மேல்மண்ணை அள்ளுவது மட்டும் வேலையில்லை. கரிக்குக் கீழே தண்ணீர் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் பம்பு போட்டு இரவும் பகலும் இறைத்து அந்த அழுத்தத்தைத் தணிக்காமல் வெட்டினால், அடித்தரையைப் பிளந்துகொண்டு பொங்கிவிடும். போதைக்குப் போன பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சொன்னதுதான் ஞாபகத்துக்கு வரும். கஞ்சா, மாத்திரை, உதட்டுக்குள் ஒதுக்கும் கூல் லிப் புகையிலை எல்லாம் மேலே தெரிகிறவை. கீழே என்ன முட்டுகிறது என்று பார்க்காமல் மேலே இருப்பதைப் பிடுங்காதே. வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாத வெட்கம் இருக்கலாம். வீட்டில் தினமும் நடக்கிற அடி இருக்கலாம். வெளியே சொல்ல முடியாதபடி யாரோ தொட்டது இருக்கலாம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டுவிட்டால் மூடி மறைக்காதே, போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆகவேண்டும். மற்றதற்கு அவசரமில்லை. தினம் கொஞ்சமாக இறைக்கவேண்டும்.

5. இது ஒன்று தொழில் சங்கதி. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர், பெயின்ட் தின்னர் என்று முகர்கிற பிள்ளைகளைச் சில்லறைக் கேஸாக நினைக்காதே. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் அதிகமாகக் காணப்பட்டது இந்த ஒரு வகைப் போதைதான். மூக்கையும் வாயையும் சுற்றிப் பொரிப்பொரியாகப் புண் இருக்கும், சட்டைக் காலரில் வாடை அடிக்கும். முகர்ந்த கையோடு நிற்கிறவனை அதட்டாதே, விரட்டிப் பிடிக்காதே. அந்த நேரத்தில் திடுக்கிட்டு ஓடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிரே போய்விடலாம். மெதுவாகப் பேசி, காற்றோட்டமான இடத்தில் உட்காரவை.

6. சத்தம் போடாத பிள்ளையைப் பார். இதைத்தான் உனக்கு முதலில் எழுதியிருக்கவேண்டும். தட்டை வீசுகிறவன், கதவை உதைக்கிறவன் பின்னாலேயே நம் நேரமெல்லாம் போய்விடும். என் வார்டில் ஒரு பெண் இருந்தாள். கொடுத்ததைச் சாப்பிடுவாள், செருப்பைச் சுவரோரம் ஜோடி சேர்த்து வைப்பாள், "தேங்க்ஸ் சிஸ்டர்" என்பாள். நல்ல பிள்ளை என்று கேஸ் ஷீட்டில் நானே எழுதினேன். கத்திரி வெயிலில் அவள் முழுக்கைச் சட்டை போட்டிருந்தது என் கண்ணில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த அவள் அம்மா, வளையல் போட்டுவிடக் கையைப் பிடித்தபோதுதான் தெரிந்தது. அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொல்கிறது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். அவர்களில் எத்தனை பேர் செருப்பை ஒழுங்காக வைக்கிறார்களோ. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று நான் பயந்து பயந்து கேட்காமல் இருந்தேன். அது தவறான பயம். யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் அந்தப் பிள்ளை காத்துக்கொண்டிருக்கும்.

7. நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதே. "ஞாயிற்றுக்கிழமை அப்பா வருவாருடா" என்று ஒருவனுக்குச் சொல்லிவிட்டேன், வாய் சும்மா இருக்காமல். காலை எட்டு மணிக்கே குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கேட்டுக்குப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்தான். விசிட்டிங் நேரம் முடிந்து மணி அடிக்கிறவரை எழுந்திருக்கவில்லை. வராதது அப்பாதான், ஆனால் வருவார் என்று சொன்னது நான். "அவரைக் கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லியிருந்தால் போதுமே.

8. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்ந்திருக்கலாம். அடி வாங்கிப் போதையை விட்ட ஒரு பிள்ளையையும் நான் பார்த்ததில்லை. ஒருமுறை என் கையும் ஓங்கிவிட்டது, கண்ணு. அவன் என் முகத்தில் துப்பினான். நான் ஓங்கிய கையைப் பார்த்ததும் அவன் குனிந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். எத்தனை கைக்குப் பழகியிருந்தால் அப்படி மூடத் தெரியும்! கோபம் வந்தால் வார்டை விட்டு வெளியே வந்து தண்ணீர் குடி. கூட இருப்பவரிடம் "இவனை நீ பாரு" என்று சொல். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

9. அவர்கள் சொன்னதைக் கேன்டீனில் பேசாதே. நெய்வேலி மாதிரி டவுன்ஷிப்பில் வளர்ந்த உனக்கு நான் விளக்கவேண்டியதில்லை. எந்த வட்டத்தில் எந்தக் குவார்ட்டர்ஸ் என்று சொன்னால் போதும், அடுத்த ஷிப்ட் சங்கு ஊதுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை திரும்பிப் போய் அதே பள்ளிக்கூடத்தில் உட்காரவேண்டும்.

10. பிள்ளையை மட்டும் குணப்படுத்தி அனுப்பமுடியாது, வீட்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் 1957இல் தொடங்கிய காலத்திலிருந்தே நோயாளியோடு வீட்டாரும் தங்குவது வழக்கம். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய, எல்லோரும் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று சொல்லும் இடத்தில், குடிக்கிறவரோடு அவர் குடும்பத்தையும் உட்காரவைத்துச் சிகிச்சை தருகிறார்கள். இப்போது சட்டமே பெற்றோரோ அவர்கள் ஏற்பாடு செய்கிறவரோ பிள்ளையோடு கடைசி நாள்வரை இருக்கவேண்டும் என்கிறது. என் காலத்தில் நாங்கள் பெற்றோரை இடைஞ்சலாக நினைத்தோம். "விட்டுட்டுப் போங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்போம். அப்படிப் பார்த்துக்கொண்ட ஒருவன் நாலு கிலோ எடை ஏறி, முகம் தெளிந்து வீட்டுக்குப் போனான். வீட்டில் அப்பாவின் பாட்டில் ஃப்ரிட்ஜுக்குள் அதே இடத்தில் இருந்திருக்கிறது. "நான் சம்பாதிச்சுக் குடிக்கிறேன், அவனுக்கென்ன?" என்றாராம். அவரிடம் நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

நீ ஒவ்வொரு வீட்டாரிடமும் ஒன்று கேள்: வீட்டில் ஆளில்லாத நேரம் எது? அப்பா இரண்டாம் ஷிப்ட், அம்மாவுக்குக் கடை வேலை என்றால், சாயங்காலம் நாலரையிலிருந்து இரவு வரை அந்தப் பையன் வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நிற்பான். அந்த நேரத்துக்கு ஒரு அத்தையோ, கிரிக்கெட் கோச்சோ, பக்கத்து வீட்டுத் தாத்தாவோ கிடைத்த பிறகு டிஸ்சார்ஜ் போடச் சொல்லி டாக்டரிடம் பேசு. நர்ஸ் சொன்னால் கேட்பார்களா என்று தயங்காதே. வீட்டில் ஆளில்லாத நேரம் எது என்று தெரிந்தவள் அங்கே நீதான்.

11. வருஷா வருஷம் இங்கே நெய்வேலியில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு வரும்போது வார்டுக்கும் கொஞ்சம் படப்புத்தகம் வாங்கு. இரவு மூன்று மணிக்குத் தூக்கம் வராதவனுக்குக் கொடுக்க உன்னிடம் ஏதாவது இருக்கவேண்டும்.

12. திரும்பி வருகிறவனைத் தோற்றவனாகப் பார்க்காதே. போதை விட்டுவிட்டுப் பிடிக்கும் நோய். ஆஸ்துமாக்காரன் மறுபடி மூச்சு வாங்கி வந்தால் "உனக்கு வெட்கமில்லையா?" என்று கேட்போமா? நான் கேட்டிருக்கிறேன், இந்தப் பிள்ளைகளிடம். கேட்டவுடன் தலை குனிந்தவர்கள் அடுத்த தடவை வரவேயில்லை. அவர்களுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. தூக்கம் வராத இரவுகளில் அவர்கள் முகம்தான் வருகிறது.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், மார்கழியில், விடியற்காலை ஐந்து மணிக்கு கேட் பக்கம் யாரோ நிற்பது தெரிந்தது. உண்டியல் காசோடு வந்தானே, அந்தப் பையன். மீசை அரும்பியிருந்தது. இந்தத் தடவை யாரும் அழைத்து வரவில்லை, தானாகவே பஸ் ஏறி வந்திருந்தான். பனியில் உடம்பு வெடவெடத்தது. பனியால் மட்டும் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. என்னைக் கண்டதும் தரையைப் பார்த்தான். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தேன்.

"சாப்பிட்டியாடா?" என்று கேட்டேன்.

"இல்ல சிஸ்டர்" என்றான்.

முந்தின நாள் இட்லி நாலு இருந்தது. சுடவைத்துக் கொடுத்தேன்.