குழந்தையின் பயணப் பை: எடுத்துவைக்க வேண்டியவையும் கவனிக்க வேண்டியவையும்

கைக்குழந்தையுடன் வெளியே செல்லும்போது தோளில் மாட்டிக்கொள்ளும் மாற்றுத்துணிப் பையை வசதிக்கான பொருளாகவே பலரும் கருதுகின்றனர். மருத்துவருக்கு அந்தப் பை வேறொரு வகையிலும் பயன்படுகிறது. குழந்தை எத்தனை முறை சிறுநீர் கழித்தது, மலம் என்ன நிறத்தில் இருந்தது, எந்த மருந்து எவ்வளவு கொடுக்கப்பட்டது, கடைசியாகப் பார்த்த எடை எவ்வளவு என்பவை சிகிச்சையின் தொடக்கத்திலேயே நாங்கள் கேட்கும் கேள்விகள். ஒழுங்காக அடுக்கப்பட்ட பையில் இவற்றுக்கு விடை கிடைத்துவிடும்.

புதுச்சேரியின் மருத்துவமனைகளுக்குக் கடலூர், விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களிலிருந்தும், ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவிலுள்ள காரைக்காலிலிருந்தும் குழந்தைகள் கொண்டுவரப்படுகின்றனர். தாய் வர இயலாத நாளில் பாட்டியோ சித்தியோ தூக்கி வருவதுண்டு. ஆகவே, தாய் அருகில் இல்லாதபோதும் பிறர் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் பை அமைய வேண்டும்.

எத்தனை எடுத்துவைப்பது?

வீட்டை விட்டுப் புறப்படுவது முதல் திரும்பி வருவது வரை எத்தனை மணி நேரம் ஆகும் என்று முதலில் கணக்கிடுங்கள். இரண்டு மணி நேரத்திற்கு ஓர் அணையாடை, அவற்றுக்கு மேல் உபரியாக இரண்டு என்பது எளிய கணக்கு. அதிகாலையில் காரைக்காலில் பேருந்து ஏறி மாலையில் வீடு திரும்ப 12 மணி நேரம் ஆகுமெனில் எட்டு அணையாடைகள் தேவை. வயிற்றுப்போக்கு இருந்தால் இதை இரட்டிப்பாக்குங்கள்.

இவற்றுடன் இரண்டு மாற்றுடைகள், குழந்தையைப் படுக்கவைக்க ஒரு ரெக்சின் விரிப்பு, நான்கைந்து மென்மையான பருத்தித் துணிகள், ஒரு குப்பி சுத்தமான நீர், கை கழுவ ஒரு துண்டு சோப்பு, அழுக்குத் துணியை வைக்க இரண்டு பைகள் ஆகியவை போதும். நனைந்த பருத்தித் துணியால் துடைப்பதே குழந்தையின் தோலுக்கு உகந்தது. வாசனையூட்டிய ஈரத்தாள்கள் கட்டாயமில்லை. பெண் குழந்தைகளை எப்போதும் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். துடைத்தபின் சில நிமிடங்கள் காற்றாட விட்டுப் பின்னர் அணையாடை கட்டுங்கள்.

நம் ஊரின் கடற்காற்றில் ஈரப்பதம் மிகுதி. துணியின்மேல் பிளாஸ்டிக் உறை அணிவித்தால், கத்திரி வெயில் நாட்களில் தொடையிடுக்கு விரைவில் புண்ணாகும். தோல் மடிப்புகளின் உள்ளேயும் சிவந்து, சுற்றிலும் சிறு பொட்டுகளாகப் பரவினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பெரியவர்களின் படைக்கு வாங்கிய களிம்பை அதன்மேல் தடவாதீர்கள். அத்தகைய களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்துள்ளது. அது குழந்தையின் மெல்லிய தோலை மேலும் நலிவடையச் செய்யும்.

மாற்றிய துணி சொல்லும் செய்தி

அணையாடையைச் சுருட்டி எறிவதற்குமுன் ஒரு கணம் பாருங்கள். பிறந்து ஆறாம் நாள் முதல், போதிய பால் குடிக்கும் குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கும். முதல் சில நாட்களில் துணியில் செங்கல் நிறக் கறை தோன்றலாம்; பெரும்பாலும் அது இரத்தமன்று, யூரிக் அமிலப் படிவம். ஐந்து நாட்களுக்குப் பின்னும் அது நீடித்தால் பால் போதுகிறதா என்று எடை பார்க்க வேண்டும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் பல முறை மலம் கழிக்கலாம். முதல் மாதம் கடந்த பின் சில நாட்கள் கழிக்காமலும் இருக்கலாம். மலம் இளகலாகவும் குழந்தை சுறுசுறுப்பாகவும் இருந்தால் இரண்டும் இயல்பே. ஆனால் பின்வரும் மூன்றில் எதைக் கண்டாலும் காத்திருக்கலாகாது.

முதலாவது, பிறந்து இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் காமாலை நீடித்து, மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருப்பது. இது பித்தநாள அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை, குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்யப்படும்போது நல்ல பலன் தருகிறது. இரண்டாவது, குழந்தை விட்டுவிட்டு வீறிட்டழுது, கால்களை வயிற்றோடு மடக்கி, இரத்தமும் சளியும் கலந்த மலம் கழிப்பது. குடலுக்குள் குடல் செருகிக்கொள்வதன் அடையாளம் இது. சில மணி நேரத் தாமதமும் ஆபத்தாகலாம். மூன்றாவது, பேதியாகும் குழந்தை ஆறு மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் கழிக்காதிருப்பது. நீர்ச்சத்து வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

நிறம் ஐயத்திற்குரியதாக இருந்தால், பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். அது நோயறிதலுக்குப் பெரிதும் உதவும்.

உணவும் நீரும்

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். பீய்ச்சிய தாய்ப்பாலை நம் ஊரின் வெப்பத்தில் நான்கு மணி நேரத்திற்கு மேல் வெளியே வைத்திருக்கக் கூடாது. பால்மாவை வீட்டிலேயே கலக்கிக் குப்பியில் நிரப்பி எடுத்துச் செல்ல வேண்டாம். மருத்துவர் பரிந்துரைத்திருந்தால், அளந்த மாவைத் தனியாகவும் கொதிநீரைச் சுடுநீர்க் குடுவையிலும் எடுத்துச் சென்று, கொடுக்கும் வேளையில் கலந்து, ஆறவைத்துப் புகட்டுங்கள். குழந்தை குடித்தது போக மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இரண்டு இருக்கட்டும். பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும்; 200 மி.லி. நீருக்கான சிறு பொட்டலங்களும் உள்ளமையால் உறையைப் படித்துப் பாருங்கள். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவாகக் கரைத்தால் உப்பின் அளவு பிறழும். கரைத்த நீரை 24 மணி நேரத்திற்குப் பின் பயன்படுத்தக் கூடாது. இரண்டு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மி.லி. வரை, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கடைகளில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகா, மிகுந்த சர்க்கரை பேதியைக் கூட்டும்.

மருந்துக் குப்பியில் ஓர் எச்சரிக்கை

காய்ச்சலுக்கான பாராசிட்டமால், சொட்டு மருந்தாகவும் சிரப்பாகவும் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் பொதுவாக 1 மி.லி.க்கு 100 மி.கி.; சிரப்பில் 5 மி.லி.க்கு 120, 125 அல்லது 250 மி.கி. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். சொட்டு மருந்தானால் அது 1.2 மி.லி.; 120 மி.கி. சிரப்பானால் 5 மி.லி. சிரப்பின் அளவை நினைவில் வைத்துச் சொட்டு மருந்தை 5 மி.லி. கொடுத்தால், நான்கு மடங்குக்கும் மேலான மருந்து உள்ளே சென்றுவிடும், கல்லீரல் பாதிக்கப்படலாம்.

எனவே பையில் ஒரே வகை பாராசிட்டமாலை மட்டும் அதன் அளவுகருவியுடன் வையுங்கள். மருத்துவர் சொன்ன அளவை மி.லி.யில் எழுதிக் குப்பியின்மேல் ஒட்டுங்கள். கொடுத்த நேரத்தையும் குறியுங்கள். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

காகிதங்கள்

நீர் புகாத உறையொன்றில் தடுப்பூசி அட்டை, கடைசி மருந்துச் சீட்டு, முன்பு உள்நோயாளியாக இருந்திருந்தால் அதன் விடுவிப்புச் சுருக்கம் ஆகியவற்றை வையுங்கள். தனித்தாளில் குழந்தையின் எடை, எடை பார்த்த நாள், ஒவ்வாத மருந்துகள், அன்றாட மருந்துகள், இரு உறவினரின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். குழந்தைகளுக்கு மருந்தின் அளவு எடையைக் கொண்டே தீர்மானிக்கப்படுவதால், பாட்டி அந்தத் தாளை நீட்டினாலே போதும். எங்கள் வேலை விரைவாகும். வலிப்போ இளைப்போ உள்ள குழந்தைக்கு அவசர மருந்தும் இன்ஹேலரும் பையின் வெளியறையில் இருக்கட்டும்.

தவிர்க்க வேண்டியவை

முகப்பவுடர் மூச்சுக்குழாயில் புகக்கூடும். ஊக்கும், அறுந்து வாய்க்குள் போகக்கூடிய வசம்பு வளையலும் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. ஒரு வயது நிறைவதற்குள் தேன் கொடுக்கலாகாது. மையில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதையும் விட்டுவிடுங்கள். நெகிழிப் பைகளைக் குழந்தையின் கைக்கு எட்டாத அறையில் மடித்து வையுங்கள்.

வீடு திரும்பியதும் பையைக் காலி செய்து, குறைந்தவற்றை அன்றே நிரப்பி வைத்துவிடுங்கள். மாதம் ஒரு முறை மருந்துகளின் காலாவதி நாளையும், உடையின் அளவையும், தாளில் எழுதிய எடையையும் சரிபாருங்கள். குழந்தை வளர்ந்துகொண்டே இருப்பதால், மூன்று மாதத்திற்கு முன் எழுதிய எடை இன்றைய மருந்தளவுக்குப் பொருந்தாது.