வானத்தைத் தொடும் கட்டடங்களும் எங்கப்பாவின் தூக்குக்குண்டும்



பொங்கல் விடுமுறையில் நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு புத்தகத்தில் நியூயார்க் நகரத்தின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் படம் இருந்தது. 102 மாடி, 381 மீட்டர் உயரம். எங்கப்பா பெங்களூரில் கம்பி கட்டும் வேலை செய்கிறார். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தார். "அப்பா, இதை 1930 மார்ச்சில ஆரம்பிச்சு 1931 மே முதல் தேதி திறந்துட்டாங்களாம்" என்று பெருமையாகக் காட்டினேன். அப்பா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "எத்தனை பேரு விழுந்தாங்களாம்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் தேடிப் படித்தேன். கட்டியவர்கள் கணக்குப்படி 5 பேர் இறந்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

1. உயரக் கட்டடம் எப்படிப் பிறந்தது?

அமெரிக்காவின் சிகாகோ நகரம் 1871-இல் பெரும் தீயில் எரிந்தது. சுமார் ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். நகரத்தைத் திரும்பக் கட்ட வேண்டும், ஆனால் நடு ஊரில் நிலத்தின் விலையோ அதிகம். பக்கத்தில் பரவ முடியாததால் மேலே போனார்கள்.

மேலே போக இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, படி ஏறுவது. ஆறாவது மாடிக்கு மேல் யார் தினமும் ஏறுவார்கள்? இதற்கு எலிஷா ஓட்டிஸ் வழி கண்டார். கயிறு அறுந்தாலும் கீழே விழாத லிஃப்டை 1854-இல் நியூயார்க் கண்காட்சியில், தானே அதில் ஏறி நின்று கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டினார். இன்னொன்று, சுவர். பழைய முறையில் சுவரே பாரம் முழுவதையும் தாங்கும். மாடி கூடக்கூட அடிச்சுவர் தடித்துக்கொண்டே போகும். கீழே அறைக்கே இடம் இருக்காது. 1885-இல் சிகாகோவில் கட்டப்பட்ட 10 மாடி ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தில் பாரத்தின் பெரும்பகுதியை இரும்புச் சட்டகம் தாங்கியது. நம் உடம்பை எலும்புக்கூடு தாங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல் மாதிரிதான் சுவர்.

2. நம் சென்னையின் 14 மாடி

நம் ஊரில் பெரியவர்களைக் கேட்டால் "மெட்ராஸ் போனா எல்.ஐ.சி. பாக்கணும்" என்பார்கள். அண்ணா சாலையில் இருக்கும் அந்தக் கட்டடம் 177 அடி உயரம், அதாவது சுமார் 54 மீட்டர். யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய வேலை அது. அவர் 1954-இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானது. எனவே 1959-இல் திறக்கும்போது அது எல்.ஐ.சி. கட்டடம் ஆனது. அப்போது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். சுண்ணாம்பும் செங்கல்லுமாகக் கட்டிவந்த ஊரில் கான்கிரீட் தூண் வைத்துக் கட்டும் காலத்தை அது கொண்டுவந்தது. 1975 ஜூலையில் தீப்பிடித்தும், சரிசெய்யப்பட்டு இன்றும் நிற்கிறது.

3. கான்கிரீட்டுக்குள் ஏன் கம்பி?

இதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். ஒரு சாக்பீஸை இரண்டு பக்கமும் நேராக அழுத்துங்கள். உடையாது. அதையே வளையுங்கள். டக்கென்று உடையும். கான்கிரீட்டும் அப்படித்தான். அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. கூரைத் தளம் பாரத்தால் கொஞ்சம் வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும். அந்த இழுவையைத் தாங்கத்தான் அடியில் கம்பி. வெயிலில் கான்கிரீட்டும் இரும்பும் ஏறக்குறைய ஒரே அளவு விரிவதால் இரண்டும் பிரியாமல் சேர்ந்திருக்கின்றன.

அப்பா இங்கே ஒரு பாடம் சொன்னார். "எல்லா இடத்திலயும் கம்பி அடியிலதான்னு நெனைக்காத. சன்ஷேடுக்கு மேல வரணும்." ஏன் தெரியுமா? சன்ஷேடு சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அது கீழே வளையும்போது மேல்பக்கம்தான் இழுபடும். கான்கிரீட் போடும்போது யாராவது அந்தக் கம்பியை மிதித்துக் கீழே தள்ளிவிட்டால், பலகை பிரித்ததும் சன்ஷேடு ஒடிந்து விழலாம். புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தும் புரியாதது, அப்பா கையை நீட்டிக் காட்டியதும் புரிந்துவிட்டது.

4. காற்றை எப்படிச் சமாளிப்பது?

கட்டடம் உயர உயர, பாரத்தைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. ஒரு தாளை அப்படியே நிற்கவையுங்கள், விழுந்துவிடும். அதையே குழாயாகச் சுருட்டி நிற்கவையுங்கள். மேலே ஒரு நோட்டை வைத்தாலும் நிற்கும். இந்த யோசனையைக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தவர் டாக்காவில் 1929-இல் பிறந்த பொறியாளர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான். கட்டடத்தின் வெளிப்புறத் தூண்களை நெருக்கமாக வைத்து முழுக் கட்டடத்தையும் ஒரு குழாய்போல ஆக்கினார். பல குழாய்களை ஒன்றாகக் கட்டியதுபோல அவர் வடிவமைத்த சிகாகோ சியர்ஸ் கோபுரம் 110 மாடி, 442 மீட்டர். இன்று அதன் பெயர் வில்லிஸ் கோபுரம். துபாயில் 2010-இல் திறந்த புர்ஜ் கலீஃபா 828 மீட்டர். அதைக் கட்டிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் நம் தெற்காசிய நாடுகளிலிருந்து போனவர்கள்.

5. பழைய இடத்தில் புதிய நகரம்

உயரக் கட்டடம் எழும் இடம் பெரும்பாலும் காலி இடமாக இருக்காது. அங்கே ஏற்கெனவே யாராவது இருப்பார்கள். அவர்களுக்கு என்ன ஆகிறது என்பதையும் படிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்தது. சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அங்குள்ள வீட்டுவசதி வாரியம் எரிந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகள் கட்டியது. நம் மாநிலத்தில் 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. 2021 முதல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கொடுத்ததும் உண்டு. சென்னை நகருக்குள் ஆற்றோரம் இருந்தவர்களை வெகுதூரத்தில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியதும் உண்டு. வெள்ளம் வரும் இடத்திலிருந்து மாற்றுவது தேவைதான். ஆனால் நகரத்துக்குள் வீட்டு வேலை செய்த அம்மாவுக்கு, பேருந்துக்கே பாதி நாள் போய்விட்டால் அந்த வேலை என்ன ஆகும்? வீடு என்பது நான்கு சுவர் மட்டும் இல்லை. வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் எட்டும் தூரத்தில் இருந்தால்தான் அது வீடு.

6. தவறினால் என்ன ஆகும்?

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை பெய்த மாலையில் சரிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கட்டுமானத் தொழிலாளர்கள். வடிவமைப்பில் குறைகள் இருந்ததாக விசாரணையில் தெரியவந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தையும் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். பெங்களூரில் சாரம் கட்டும்போது நாலாவது மாடியிலிருந்து விழுந்தார். இடுப்பில் பெல்ட் இல்லை, கீழே வலையும் இல்லை. உயிர் பிழைத்தார், ஆனால் இன்றும் ஊன்றுகோல் வைத்துத்தான் நடக்கிறார். அவரிடம் தொழிலாளர் அட்டையும் இல்லை.

அப்பாவிடமும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "அதுக்கெல்லாம் அலைய நேரம் ஏதுடா?" என்றார்.

7. தெரிந்துகொள்ள வேண்டியது

கட்டடத் தொழிலாளர்களுக்காக 1996-இல் மத்திய அரசு சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1994-இல், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்துவிட்டது. கட்டடச் செலவில் 1 சதவீதம் இந்த நலநிதிக்குப் போகிறது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ள தொழிலாளர்கள் பதிவு செய்யலாம். விபத்துக்கும் மரணத்துக்கும் உதவி உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கும் உதவி உண்டு. கர்நாடகத்திலும் தனி வாரியம் இருக்கிறது. பெங்களூரில் வேலை செய்பவர்கள் எங்கே பதிய வேண்டும் என்று விசாரித்துச் செய்ய வேண்டும்.

நம் வகுப்பில் யார் யார் வீட்டில் கட்டட வேலைக்குப் போகிறார்கள்? கை தூக்கச் சொன்னால் பாதிக் கை உயரும். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிரானைட் கல் வெளிநாட்டுக் கட்டடங்கள் வரைக்கும் போகிறது. நம் அப்பா, அண்ணன்மார் விடியற்காலை பஸ் பிடித்து ஓசூர் தாண்டிப் போகிறார்கள். உயரக் கட்டடம் நமக்கு அமெரிக்கப் படம் மட்டும் இல்லை. அது நம் வீட்டுச் சோறு.

விடுமுறை முடிந்து அப்பா கிளம்பும்போது பையில் தூக்குக்குண்டை வைத்தார். கம்பி வேலைக்கு எதுக்குப்பா அது என்று கேட்டேன். "தூண் கம்பி நேரா நிக்குதான்னு நானே பாத்துக்குவேன். அடியில அரை இஞ்சு சாஞ்சா மேல போகப்போக எவ்வளவு சாயும்னு நீதான் கணக்குப் படிக்கிறியே, சொல்லு" என்றார். அன்று இரவே வடிவொத்த முக்கோணங்கள் பாடத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 10 அடிக்கு அரை அங்குலம் சாய்ந்தால் 100 அடியில் 5 அங்குலம்!

அப்பாவின் புகைப்படம் இரண்டும் ஆதார் நகலும் இப்போது என் கணக்கு நோட்டுக்குள் இருக்கின்றன. அடுத்த முறை அவர் வரும்போது அட்டைக்கான விண்ணப்பத்தை நானே நிரப்பிவைப்பேன். நீங்களும் உங்கள் வீட்டில் கேளுங்கள்.

சிந்திக்க:
அ) சன்ஷேடில் கம்பி ஏன் மேல்பக்கம் வருகிறது?
ஆ) 10 அடிக்கு அரை அங்குலம் சாய்ந்தால் எல்.ஐ.சி. உயரத்தில் (177 அடி) எவ்வளவு சாயும்?
இ) உங்கள் வீட்டில் தொழிலாளர் அட்டை இருக்கிறதா?

முதல் இரண்டுக்கும் விடை அடுத்த இதழில். மூன்றாவதற்கு விடை உங்கள் வீட்டில்.


– பத்தாம் வகுப்பு மாணவன், மத்தூர்