கீபோர்டு ஒன்று, கம்ப்யூட்டர் இரண்டு: வயரில்லாச் சாதனங்களை இணைக்கும் முறை

மயிலாப்பூர் மாட வீதியானாலும், தி.நகர் உஸ்மான் சாலையானாலும், அடையாறானாலும் நம் கடைகளில் கல்லா மேஜை சிறியது. பில் போட ஒரு கம்ப்யூட்டர், கணக்குக்கும் ஜி.எஸ்.டி. வேலைக்கும் இன்னொன்று என்று வைத்த பிறகு, தராசுக்கே இடம் தேட வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வயரில்லாக் கீபோர்டும் மவுஸும் போதுமா என்றால், போதும். ஆனால் எல்லாச் சாதனமும் இதற்கு உதவாது. வாங்கும் முன் வகை அறிந்து வாங்க வேண்டும்.

முதல் வகை, ரிசீவருடன் வருவது. விரல் நகம் அளவுள்ள ரிசீவரை யு.எஸ்.பி. துளையில் செருகினால் போதும், உடனே வேலை செய்யும். விலையும் குறைவு. ஆனால் ரிசீவர் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதோ, அதற்கு மட்டுமே கீபோர்டு கட்டுப்படும். அடுத்ததில் வேலை செய்ய ரிசீவரைப் பிடுங்கிச் செருக வேண்டும். லாஜிடெக் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த 'யூனிஃபையிங்' ரிசீவரில் ஆறு சாதனங்களை இணைக்கலாம். இதை ஆறு கம்ப்யூட்டர் என்று எண்ணி வாங்குவோர் உண்டு. அது ஒரு கம்ப்யூட்டருக்கு ஆறு சாதனம் என்பதே. அதே நிறுவனம் 2021-இல் வெளியிட்ட 'போல்ட்' ரிசீவரும் இதனுடன் ஒத்துப்போகாது.

இரண்டாம் வகை, 'மல்டி டிவைஸ்' என்று பெட்டியில் அச்சிட்ட புளூடூத் சாதனம். இதில் பெரும்பாலும் 1, 2, 3 என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கம்ப்யூட்டரை நினைவில் வைத்துக்கொள்ளும். நமக்கு ஏற்றது இதுவே. ரிச்சி தெருவில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், இது எத்தனை கம்ப்யூட்டரை நினைவில் வைக்கும் என்று கேட்டு வாங்குங்கள். நம் கம்ப்யூட்டரில் புளூடூத் உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மேஜைக் கம்ப்யூட்டர் பலவற்றில் அது இராது. தனியே ஒரு சிறு புளூடூத் அடாப்டர் வாங்கிச் செருக வேண்டும்.

இணைக்கும் முறை வருமாறு:

1. கீபோர்டில் 1-ஆம் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்கவும். விளக்கு வேகமாக மின்னும்.

2. பில் கம்ப்யூட்டரின் புளூடூத் அமைப்பில் புதிய சாதனம் சேர்க்கச் சொல்லி, பட்டியலில் கீபோர்டின் பெயரைத் தேர்ந்தெடுக்கவும். திரையில் எண் தோன்றினால், அதைக் கீபோர்டிலேயே அடித்து என்டர் தட்டவும்.

3. 2-ஆம் பொத்தானை அழுத்திப் பிடித்து, கணக்குக் கம்ப்யூட்டரில் இதையே செய்யவும்.

4. மவுஸுக்கும் இதே போலத் தனியே செய்யவும்.

பிறகு பொத்தானை ஒரு முறை தட்டினாலே மாறிவிடும்.

இங்கேதான் கவனம் வேண்டும். கீபோர்டை மாற்றினால் மவுஸ் தானாகக் கூடவே போகாது. அதன் பொத்தானையும் தட்ட வேண்டும். மறந்தால் மவுஸ் கணக்கிலும் கீபோர்டு பில்லிலும் நிற்கும். வங்கிக்கென்று அடித்த ரகசியச் சொல், வாடிக்கையாளர் பார்க்கும் பில் திரையில் எழுத்தெழுத்தாகத் தெரியும். கணக்குக்கு என்று தட்டிய என்டர், பாதியில் நிற்கும் பில்லை முடித்துவிடும். ஆகவே '1 பில், 2 கணக்கு' என்று கீபோர்டிலேயே சீட்டு ஒட்டுங்கள். ஓர் எழுத்தை அடித்து, எந்தத் திரையில் விழுகிறது என்று பார்த்த பின்பே மேலே அடிக்கும்படி கடைப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பார்கோடு ஸ்கேனரும் கம்ப்யூட்டரின் கண்ணுக்கு ஒரு கீபோர்டுதான். அதைப் பில் கம்ப்யூட்டருடன் மட்டும் இணைத்து, அப்படியே விட்டுவிடுவது நல்லது.

தமிழில் சரக்குப் பெயர் அடிப்போர் ஒன்றை அறிய வேண்டும். தமிழ்99 முறை கீபோர்டில் இல்லை, கம்ப்யூட்டரில் இருக்கிறது. இரண்டிலும் தனித்தனியே அமைத்தால்தான் மாறும்போது எழுத்து மாறாது.

ரிசீவர் வைத்திருப்போர்க்கு இரு குறிப்புகள். யு.எஸ்.பி. 3.0 துளைகள், பலவற்றில் நீல நிறம், இச்சாதனங்களின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இடையூறு தரும் என்று இன்டெல் நிறுவனம் 2012-இல் விளக்கியது. எழுத்து விட்டுவிட்டு விழுந்தால், ரிசீவரைச் சிறு நீட்டிப்பு வயரில் செருகித் தள்ளி வையுங்கள். அடுத்து, புளூடூத் அல்லாத ரிசீவர்கள் பலவற்றில், வெளியாள் தூரத்திலிருந்தே எழுத்துகளை அனுப்ப இடமுண்டு என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். அதனால் பழைய ரிசீவர் செருகிய கம்ப்யூட்டரில் வங்கி வேலை வேண்டாம். வயர் கீபோர்டை மாட்டினால் மட்டும் போதாது, ரிசீவரையும் கழற்றிவிட வேண்டும்.

கம்ப்யூட்டரை விற்கும்போது, அதன் பட்டியலிலிருந்து கீபோர்டின் பெயரை நீக்கிவிட்டுக் கொடுங்கள். மேஜை இழுப்பறையில் மாற்று பேட்டரியும், பழைய வயர் கீபோர்டு ஒன்றும் எப்போதும் இருக்கட்டும். பண்டிகைக் கூட்டத்தின் நடுவே பேட்டரி தீர்ந்தால், அன்றைய வியாபாரத்தைக் காப்பது அந்த வயர்தான்.