அளவும் அறமும்

போசரி தொழிற்பேட்டையில் உருவாகும் ஓர் இயந்திர உறுப்பை இருவர் தனித்தனியே அளந்தாலும், அளவு ஒன்றாகவே இருத்தல் வேண்டும். வேறுபடின் அவ்வுறுப்பு பொருந்தாது. அறிவியலுக்கும் இவ்விதி உரியது. ஒருவர் கண்ட முடிவை, அதே தரவையும் அதே முறையையும் கொண்டு மற்றவரும் காண இயலவேண்டும். இப்பண்பே மீள்செய்தன்மை எனப்படும்.

குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஆராய்வோர்க்கு இப்பண்பு இன்றியமையாதது. அமெரிக்காவின் ஏ.பி.சி.டி. ஆய்வு, 9, 10 வயதுடைய ஏறத்தாழ 11,880 சிறுவர்களை 21 மையங்களில் சேர்த்துப் பல்லாண்டுகளாகப் பின்தொடர்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தை மையமாகக் கொண்ட சி-வேடா ஆய்வு, இந்தியாவின் ஏழு மையங்களில் 6 முதல் 23 வயது வரையுள்ள 9,000க்கும் மேற்பட்டோரின் தகவல்களைத் திரட்டியது. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு மூளைப் படமும் எடுக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 5,132 மூளைச் சீவல்களின் படங்களால் அமைந்த ‘தரணி’ என்னும் கருமூளை வரைபடத்தை 2024 டிசம்பரில் அனைவர்க்கும் திறந்து வைத்தது.

தரவு பெருகினால் உண்மை தானே விளங்கும் என எண்ணுதல் தவறு. 2020இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே மூளைப் படத்தொகுப்பு 70 குழுக்களிடம் அளிக்கப்பட்டது. எந்த இரு குழுக்களும் ஒரே வழிமுறையைக் கையாளவில்லை. சில வினாக்களுக்கு அவை கண்ட விடைகளும் மாறுபட்டன.

குழந்தைகள் தொடர்பான ஆய்வில் இடர் இன்னும் மிகுதி. எம்.ஆர்.ஐ. கருவியினுள் குழந்தை தலையை அசைத்தால், மூளைப் புறணி உள்ளதைவிட மெலிந்ததாகப் படத்தில் தோன்றக்கூடும். படத்தின் குறையை மூளையின் குறையெனக் கொண்டால், அமைதியாக இருக்க இயலாத குழந்தைகள்மீது வீண்பழி விழும். வறுமை, உணவு, சுற்றுச்சூழல் ஆகியவற்றால் விளைந்த வேறுபாட்டைப் பிறவிக்குணம் எனக் கூறுவதும் அத்தகைய அநீதியே.

ஆதலால் ஆய்வாளர்க்குப் பயிற்சி தேவைப்படுகிறது. ஏ.பி.சி.டி. தரவைப் பொறுப்புடன் ஆராயக் கற்பிக்கும் ஏ.பி.சி.டி.–ரெப்ரோநிம் பயிற்சி 2020இல் தொடங்கியது. பொறுப்புள்ள ஆய்வாளர் வினாவையும் முறையையும் முன்னரே பதிவு செய்வார். கணினி நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைப்பார். நிரலைப் பிறர் சோதிக்கத் தருவார். எதிர்பார்த்த முடிவு கிட்டாதபோதும் அதனை மறையாது வெளியிடுவார்.

தரவு அளித்தோரின் மறைபொருளைக் காப்பதும் அவரது கடமை. பெயரை நீக்கினால் மட்டும் போதாது. தலையின் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து முகத்தோற்றத்தை மீட்டுருவாக்க முடியும். எனவே தரவைப் பகிருமுன் முகப்பகுதியையும் நீக்குவர். ஒவ்வோர் எண்ணின் பின்னும் ஒரு குழந்தையும், நம்பி ஒப்புதல் அளித்த பெற்றோரும் உள்ளனர். அந்நம்பிக்கைக்குரியவராக நடப்பதே ஆய்வாளரின் அறம்.

சொற்பொருள்
தரவு – திரட்டிய தகவல்
புறணி – மூளையின் வெளிப்படலம்
நிரல் – கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பு

பயிற்சி
1. மீள்செய்தன்மை என்றால் என்ன?
2. தலையசைவு ஆய்வு முடிவை எவ்வாறு பிழையாக்கும்?
3. பெயரை நீக்குவது மட்டும் ஏன் போதாது?
4. பிரித்து எழுதுக: இவ்விதி, முகத்தோற்றம், அந்நம்பிக்கை.
5. உங்கள் வகுப்பு மாணவர்களின் உயரத்தை இரு குழுவினர் தனித்தனியே அளந்து, வேறுபாட்டிற்கான காரணங்களை ஐந்து வரிகளில் எழுதுக.