மண்ணுக்குள் காடு உறங்குகிறதா?

நம்பிக்கை: மரங்களை அழித்து மாடு மேய்த்த நிலத்தை அப்படியே விட்டுவிட்டால், மண்ணில் உறங்கும் விதைகளிலிருந்து பழைய காடே எழுந்துவிடும்.

உறங்கும் விதைகள் இருப்பது மெய்தான். 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் போத்தல்களில் புதைத்த விதைகளில் சில, 2021இல் எடுத்தபோதும் முளைத்தன. ஆனால் அவை களைச்செடியின் விதைகள். அயனமண்டல மண்ணிலும் நெடுநாள் காத்திருப்பவை பெரும்பாலும் புல், களை, சிங்களத்தில் கெந்த எனப்படும் மரம் போன்று வெயிலில் விரைந்து வளர்பவற்றின் சிறு விதைகளே. சிங்கராஜ வனத்தில் வானளாவும் ஹொர மரத்தின் சிறகுள்ள விதைக்கு அந்தப் பொறுமை கிடையாது. விழுந்த சில வாரங்களில் முளைக்க வேண்டும், இல்லையேல் காய்ந்து சாகும். அருகில் தாய்மரம் இல்லாவிட்டால் எந்த மண்ணிலும் ஹொர தானாக வராது.

நிலம் பட்ட பாடும் முக்கியம். பிரேசிலின் பரகோமினாஸில் கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலங்களைக் கிறிஸ்தோபர் உல் குழுவினர் ஆராய்ந்து 1988இல் முடிவுகளை வெளியிட்டனர். குறைவாக மேய்ந்த நிலத்தில் ஆண்டுக்கு ஹெக்டேயருக்குச் சுமார் 10 தொன் தாவரத் திணிவு சேர்ந்தது. மிகக் கடுமையாகப் பயன்படுத்திய நிலத்தில் 0.6 தொன்தான். புல்டோசர் ஓடிய இடத்தில் தளிர்ப்பதற்கு அடிக்கட்டையும் வேரும்கூட மிஞ்சுவதில்லை.

நம்பிக்கை: அப்படியானால் கன்று நடுவதுதான் ஒரே வழி.

இதற்குத் தம்புள்ளையிலேயே பதில் இருக்கிறது. முன்னாள் தேயிலைத் தோட்டத் துரை சாம் பொப்ஹம், 1963இல் கண்டலம வீதியோரம், சேனைப் பயிர்ச்செய்கை கைவிடப்பட்டு முட்புதர் மண்டிய நிலத்தில் மரம் வளர்க்கத் தொடங்கினார். முதலில் எல்லோரையும் போலக் கன்றுகளை நட்டார், அது சரிவரவில்லை. பிறகுதான் புதர்களுக்கு அடியில் உள்ளூர் மரங்களின் இளங்கன்றுகள் ஏற்கெனவே திணறிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். முட்புதரை மட்டும் வெட்டி, கன்றுகளுக்கு வெளிச்சம் விட்டார். காடு எழுந்தது. இன்று அது உலர்வலய மரங்களின் தோப்பாக, கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பொறுப்பில் நிற்கிறது.

வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ மரநடுகைக்குப் பஸ் ஏறும் பாடசாலைகளும் கம்பனிகளும் இந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். போகும் நிலத்தில் ஏற்கெனவே என்ன முளைத்திருக்கிறது என்று யாரும் குனிந்து பார்க்காமலே குழி தோண்டுவது பெரிய வீண். தீயையும் மாட்டையும் தடுத்து, கொண்டைக்குருவியும் வௌவாலும் வந்து அமர ஒன்றிரண்டு மரங்களை விட்டுவைத்தால், பாதி வேலையை அவை செய்யும்.

கை வைத்தே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. சிங்கராஜவின் ஓரத்தில் நட்ட கரிபியன் பைன் தோட்டங்களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக இணையரும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆஷ்டனும் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டுச் சோதித்தனர். பைன் மரங்களை அடுத்தடுத்து மூன்று வரிசை அகற்றி, வெளிச்சம் திறந்துவிட்ட இடங்களில் அவை நன்றாக வளர்ந்தன.